காலியான கேட்ச்

செய்முறைத் தேர்வுப் பட்டியலில் தஹ்சீனின் பெயர் இல்லை. ஆங்கில அகர வரிசையில் அவளோடு சேர்த்துக் கடைசியாக வர வேண்டிய பதினொரு பேரையும் காணோம்.

"ஃபாரம் குடுக்காம வந்து நின்னா நான் என்னம்மா பண்றது? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது," என்றார் பாலசுந்தரம் சார், லேபில் அத்தனை பேர் முன்னாலும்.

பதினொரு பேரும் சொல்லிவைத்தாற்போல் மறந்துவிட்டார்களாம்! தஹ்சீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராசிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வரிசையில் நின்று தன் கையாலேயே கொடுத்த ஃபாரம் அது. நாளை மதியம் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதில் பெயர் இல்லையென்றால் ஒரு செமஸ்டரே வீண்.

"குடுத்தனுங்க சார்."

"போய் உக்காந்து பிராக்டீஸ் பண்ணும்மா."

பயிற்சி என்னவென்றால், இந்தத் தேர்வுப் பட்டியலைப் போட சார் பெருமையோடு எழுதிய அதே புரோகிராம்தான். மாணவர் விவரம் உள்ள ஃபைலை ஜாவாவில் வரிவரியாகப் படித்து இன்னொரு ஃபைலில் எழுத வேண்டும். நடுவில் பிழை வந்தால் என்ன செய்வதென்று கேட்ச் பகுதியில் சொல்ல வேண்டும். சாரோ அங்கே ஒரு எழுத்துகூட எழுதவில்லை. "காலியா உட்டுருங்க, திரையில எர்ரர் வராது," என்பதுதான் அவர் வருஷா வருஷம் நடத்தும் பாடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குப் பாடம் என்று பெயர்!

தஹ்சீன் அந்தக் காலி இடத்தில், வந்த பிழையைக் காட்டச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதி ஓட்டினாள். திரையில் சிவப்பு எழுத்துகள் சரசரவென்று இறங்கின.

பிழை காட்டிய வரி, விடுபட்ட பதினொரு பேரில் முதலாவதான சண்முகப்பிரியாவுடையது. அவள் அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவர். ஆபீஸில் அவருடைய போன் நம்பரைக் கேட்டபோது, "புது நம்பருங்க, எனக்குத் தெரியாது. அப்பா லோடுல இருக்காரு," என்று அவள் சொல்லியிருக்கிறாள். கிளார்க் மணியனும் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'லோடுல இருக்காரு' என்றே அடித்து வைத்திருக்கிறார். நம்பரை எதிர்பார்த்த புரோகிராம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர்களை அது படிக்கவே இல்லை.

தஹ்சீன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முகம் சுண்டிப்போனது. ரிஜிஸ்டரைப் புரட்டி அவள் அப்பாவின் பழைய நம்பரை அடித்து மறுபடி ஓட்டினார். பதினொரு பெயர்களும் வந்து நின்றன.

"சரி, வந்துருச்சில்ல? அந்தப் புது வரிய எடுத்துரும்மா. திரையெல்லாம் செவப்பா வந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

அவர் கை விசைப்பலகைக்கு வருவதற்குள் தஹ்சீன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டுங்க சார். நான் ஃபாரம் குடுக்கலைன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே, அது தப்புன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லிருங்க."

லேபில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அறுபது பேரும் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். அவருடைய கேட்ச்சைப் போலவே அதிலும் ஒன்றும் இல்லை.