குடு, குடுங்க

1
இந்தக் கதை ஒரு 'ங்க'விலிருந்து பிறந்தது. கிரிம்சல் கணவாயின் உச்சியில், ஜூன் கடைசியிலும் பனிக்கட்டி மிதக்கிற ஏரிக்கரையில், ஒரு பெண் தன் கூடப்பிறந்தவளிடம் "உக்காருங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்தில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை. வங்கி மேலாளரும் மாடு மேய்ப்பவரும் அங்கே 'நீ'தான்.

(வேறொரு தொடக்கம்: "பனியாறு ஏரிநீரில் தன் முகத்தைப்..." வேண்டாம். அது தபால் அட்டைக்காரர்கள் பிழைப்பு.)

2
அவளுக்கு ரெகுலா என்று பெயர் வைக்கிறேன். கணவாய்க்கு வடக்கே இருக்கிறாள். தங்கை மார்லீஸ் வாழ்க்கைப்பட்டது தெற்கே. அம்மா இறந்தது ஜனவரியில். கணவாய் பனியில் மூடிக் கிடந்தது. மார்லீஸ் ரயிலில் ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. "வந்ததுக்கு நன்றிங்க" என்றாள் ரெகுலா. அன்றிலிருந்து 'நீங்க'தான்.

[ரெகுலாவைக் கல்நெஞ்சக்காரி ஆக்கிவிட்டேனோ? இல்லை. குழி மூடுவதைத் தனியாக நின்று பார்த்தவள் அவள்.]

பாதை திறந்ததும் மார்லீஸ்தான் ஏரிக்கு வரச் சொன்னாள். ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பேருந்தேறி வந்தார்கள்.

3
"மலைமேல வந்தும் 'ங்க'வா? பாறையெல்லாம் சிரிக்குது" என்றாள் மார்லீஸ்.

ரெகுலாவுக்கே கூச்சமாகிவிட்டது. "சரி, உக்காருடி. ரொட்டி திங்கிறியா?"

"இது மலைக்காகச் சொல்ற 'நீ'யா, எனக்காகவா?"

ரெகுலா அழுதாள் (என்று எழுதி அடித்துவிட்டேன். எங்கள் ஊர்க்காரிகள் அழுகை வந்தால் சீஸ் வெட்டுவார்கள்). சீஸ் வெட்டினாள். பெரிய துண்டைத் தங்கையிடம் நீட்டினாள்.

"அந்தக் குளிர்ல நான் தனியா நின்னேன், மார்லீஸ்."

"ரயில்ல நானும் தனியாத்தான் அழுதேன், அக்கா."

4
முடிவு ஒன்று: கட்டிக்கொண்டார்கள். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

முடிவு இரண்டு: ஆளுக்கொரு பேருந்தில் திரும்பிப் போனார்கள். இதற்கு எனக்கு மனசு வரவில்லை. இருவரையும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே ரெகுலா தன் பேருந்தை விட்டுவிட்டு, தங்கையோடு தெற்குப் பேருந்தில் ஏறுகிறாள். அது வளைந்து வளைந்து இறங்குகிறது. முதல் மரங்கள் வந்துவிட்டன. இனி மலை வழக்கம் செல்லாது. இங்கே சொல்வதெல்லாம் அவரவர் சொந்தச் சொல். நிறுத்தத்தில் மார்லீஸ் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள். பின்னால் வந்த ரெகுலா கையை நீட்டுகிறாள்.

"கனமா இருக்கும், ஒண்ணைக் குடு

அங்கே நிறுத்திவிட்டேன். 'ங்க' சேர்க்க இடம் இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வருமா?