சிட்டு படித்த எழுத்து

சுழி என்று அவனுக்குப் பெயர் வைத்தவர் போர்டு கடை முதலாளி. கடைகளுக்கான பெயர்ப் பலகைகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து அச்சடித்துக் கொடுக்கும் இடம் அது. ஒருநாள் ஒரு கண்ணாடிக் கடையின் பலகையை, 'ண' சரியாக உட்காரவில்லை என்று அச்சுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினான். "டேய், ஜனங்க அங்க கண்ணாடி வாங்கப் போறாங்களா, உன் சுழியை எண்ணப் போறாங்களா?" என்று முதலாளி கத்தினார். அன்றிலிருந்து சுழிதான். மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள், சிட்டு. வாய் ஓயாத பெண். ஒரு கதையை ஒரு தடவை கேட்டால் போதும், சொன்னவரே மறந்துபோன இடங்களையும் சேர்த்துத் திருப்பிச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும். இரண்டாம் வகுப்பு டீச்சர் அவர்களைக் கூப்பிட்டு, "கவனம் பத்தலைங்க, வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வையுங்க" என்றார். கண்டித்தும் பார்த்தார்கள். சிட்டு அழுதாளே தவிரப் படிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுழி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் எங்கே தடுக்குகிறது என்று மட்டும் பார்த்தான். 'மரம்' என்ற சொல்லை அவள் 'மாம்' என்று படித்தாள். அவனுக்குப் பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. அந்தப் புத்தகத்தில் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். 'ன'வும் 'ண'வும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. 'ல'வும் 'வ'வும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. நமக்கு அது தெரிவதில்லை. கண் பழகிவிட்டது. சிட்டுவின் கண் பழக மறுத்தது.

"அவ மேல ஒரு குறையும் இல்ல. எழுத்து மேலதான் குறை" என்று மனைவியிடம் சொன்னான்.

அவள் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். யோசித்துப் பேசுகிறவள். "சரி, அப்ப நீங்களே எழுத்தைச் செய்யுங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

அவன் வேலையை விட்டான். சமையலறைக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு மேஜையைப் போட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தான். 'ர'வின் காலைச் சாய்த்து நீட்டினான். 'ண'வின் கடைசிச் சுழியை மேலே தூக்கிவிட்டான். எல்லா எழுத்துக்கும் அடிப்பாகத்தில் கனம் கொடுத்தான், சாமான் வைத்த பை தரையில் உட்கார்வதுபோல. வரைந்ததையெல்லாம் சிட்டுவிடம் காட்டுவான். அவள் திணறினால் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவான். கொஞ்ச நாள் என்றது வருஷத்தைத் தாண்டியது. சொந்தக்காரர்கள், "மாப்பிள்ளை இன்னும் அ, ஆ தான் எழுதிட்டிருக்காரா?" என்று மனைவியைக் கேட்டுச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓங்கி வைப்பாள்.

ஒரு மாலை சிட்டு ஒரு பக்கம் முழுவதையும் தடுக்காமல் படித்தாள். படித்து முடித்து நிமிர்ந்து, "அப்பா, எழுத்தெல்லாம் இப்ப சும்மா நிக்குதுப்பா, ஆடலை" என்றாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். மூன்று பேரும் அழுதார்கள். சிட்டு எதற்கென்று தெரியாமலே அழுதாள்.

அவன் அந்த எழுத்துருவை இணையத்தில் விற்பனைக்கு வைத்தான். சிலர் வாங்கினார்கள். வாங்கியவர்களில் யாரோ ஒருவர் அதை வேறொரு தளத்தில் இலவசமாக ஏற்றிவிட்டார். அதோடு விற்பனை நின்றது. அந்தத் தளத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

வாடகை பாக்கி விழுந்தது. வீட்டுக்காரர் முதலில் நாசூக்காகச் சொன்னார். பிறகு நாசூக்கு போய்விட்டது. "மகனுக்கு வீடு தேவைப்படுது, நீங்க வேற இடம் பார்த்துக்குங்க" என்றார். அவருக்கு மகனே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் சிட்டு புது வருஷப் பாடப்புத்தகத்தோடு பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா! நம்ம எழுத்து!"

சுழி வாங்கிப் பார்த்தான். நீட்டிய கால், தூக்கிய சுழி, அடிக்கனம். தன் பிள்ளையை வேறொருவர் வீட்டு வாசலில் பார்த்ததுபோல் இருந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான். பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தான். மனைவி வேலை முடிந்து வந்ததும், "அப்போ பணம் வரும்ல?" என்று கேட்டாள். அப்போதுதான் அவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். 'எழுத்து வடிவமைப்பு: பதிப்பக வடிவமைப்புக் குழு' என்று, அவனுடைய எழுத்திலேயே போட்டிருந்தது.

மறுநாளே பதிப்பகத்துக்குப் போனான். மேனேஜர் மரியாதையான மனிதர். ஏ.சி. அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"உங்க எழுத்தா சார் இது? அருமையா இருக்கு. பிள்ளைங்க தடுக்காம படிக்குதுன்னு டீச்சருங்க எல்லாம் சொல்றாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே சார்."

"நெட்ல சும்மா கிடந்தது சார். எங்க பசங்க எடுத்துப் போட்டுட்டாங்க. சும்மா கிடக்கறதுக்கு யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

கிளம்பும்போது ஒரு செட் புத்தகத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார். சுழி அதையும் வாங்கிக்கொண்டுதான் வந்தான். வேண்டாமென்று சொல்லத் தோன்றவில்லையே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான்.

மருந்துக்கடைக்கு வாடிக்கையாக வரும் வக்கீலம்மாவிடம் மனைவி அழைத்துப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுத்தோட உருவம் யாருக்கும் சொந்தமில்லைன்னு அவங்க வாதாடுவாங்க. ஆனா நீங்க செஞ்ச ஃபைலை அப்படியே எடுத்திருக்காங்க, அதை விடக்கூடாது" என்று நோட்டீஸ் அனுப்பினார்.

பதில் வந்தது. அதில் ஒரு கேள்வி இருந்தது. இந்த எழுத்துருவை எந்த மென்பொருளில் செய்தீர்கள், அதற்கு உரிமம் இருக்கிறதா?

வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தார். சுழி தலையைக் குனிந்துகொண்டான். போர்டு கடையில் எல்லாரும் பயன்படுத்திய பூட்டு உடைத்த மென்பொருள் அது. வேலையை விடும்போது பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"காசு கொடுத்து வாங்கற நிலைமையா அம்மா எனக்கு?" என்றான்.

"அதே பதிலை அவங்களும் சொல்லலாம்ல?" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. "கேஸ் தோத்துடும்னு சொல்லலை. ஆனா கோர்ட்டுல முதல்ல உங்களைத்தான் நிக்க வெச்சுக் கேப்பாங்க. வருஷக்கணக்கா இழுக்கும். தாங்குவீங்களா?"

படியிறங்கி நடந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் மனைவி வெடித்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் நாள் பூரா நின்ன காலோட பில் போட்டேன். நியாயம் நம்ம பக்கம்னு நெனச்சுத்தான் நின்னேன்."

"நியாயம் நம்ம பக்கம்தான்."

"பாதி நியாயம்" என்றாள். பஸ் வந்தது. அவள் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

பதிப்பகத்திலிருந்து ஒரு ஒப்பந்தம் வந்தது. மொத்தமாக ஒரு தொகை, பெரிய தொகை இல்லை. அதற்கு ஈடாக எழுத்துரு முழுவதும் அவர்களுக்குச் சொந்தம். அவன் இனி அதைத் தன்னுடையது என்று எங்கேயும் சொல்லக்கூடாது. சுழி அதைச் சுருட்டி அலமாரி மேல் எறிந்தான். போர்டு கடைக்கே திரும்பப் போனான். "வாடா" என்பதற்கு மேல் முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

அந்த நாட்களில் பள்ளி வாசலில் ஒரு பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சிட்டுவின் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அம்மா. "நீங்கதான் அந்த எழுத்தைச் செஞ்சவராமே? என் பையன் இப்பத்தாங்க படிக்கறான். நெட்ல ஓசியில கிடைச்சுது, பள்ளிக்கூடப் பாடம் போக எல்லாத்தையும் அதுலயே அடிச்சுக் கொடுக்கறேன். நீங்க நல்லா இருக்கணும்."

"எப்படிங்க நல்லா இருக்கறது?" என்று அவன் கையை உதறினான். "ஓசியில கிடைச்சவங்க எல்லாம் வாழ்த்தினா வீட்டுக்காரன் விட்டுடுவானா?" சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. பையன் அம்மாவின் பின்னால் ஒளிந்தான். அன்று முழுக்க சுழிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பருவத்துக்கான புத்தகம் வந்தது. பதிப்பகம் வம்பே வேண்டாமென்று எழுத்துருவை மாற்றியிருந்தது. சிட்டு புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, முதல் சொல்லிலேயே நின்றாள். பிறகு மூடினாள்.

"என்னம்மா?"

"எல்லாம் மறுபடியும் ஒண்ணா ஆயிடுச்சுப்பா." சொல்லும்போதே உதடு கோணியது. "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

சுழி மேஜைக்குப் போய், முதல் பாடத்தைத் தன் எழுத்தில் அடிக்கத் தொடங்கினான். இரண்டு பத்தி அடித்ததும் வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, பாடத்தை இப்படி அடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டான். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "உங்க பொண்ணுக்கு மட்டும்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மத்த பிள்ளைங்களுக்குக் கொடுத்துடாதீங்க. பாடம் அவங்களோடது. அதைப் பிரதி எடுத்தீங்கன்னு உங்க மேலயே திருப்புவாங்க."

பாடம் அவர்களுடையது. எழுத்து அவனுடையது. இரண்டும் சேராமல் நடுவில் பிள்ளைகள். பள்ளி வாசலில் அம்மாவின் பின்னால் ஒளிந்த அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். இந்நேரம் அவனும் எங்கேயோ விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மனைவி அலமாரி மேலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துத் தூசி தட்டினாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க" என்று மேஜையில் வைத்தாள்.

சுழி மேனேஜரைப் போய்ப் பார்த்தான். "பணத்தைக் குறைச்சுக்கூடக் கொடுங்க. ரெண்டே ரெண்டு விஷயம். எழுத்து திரும்பப் புத்தகத்துல வரணும். கடைசிப் பக்கத்துல என் பேரைப் போடணும்."

"எழுத்து கண்டிப்பா வரும் சார். எங்களுக்கும் அதுதான் வேணும்." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரு முடியாது. பேரைப் போட்டா, முன்னாடி போடாதது தப்புன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"பொடி எழுத்துல சார். யாரும் படிக்காத இடத்துல."

"மன்னிச்சுக்குங்க சார்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுழி பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான். கடைசிப் பக்கத்தில் போட்டது அவன் கையெழுத்து மாதிரியே இல்லை. மேனேஜர் மறுபடி போடச் சொன்னார்.

பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். மகனைப் பற்றிய பேச்சு நின்றது. ஒப்பந்தப்படி கம்ப்யூட்டரிலிருந்து எழுத்துருவை அழிக்கவேண்டும். மனைவி அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அழித்தான்.

பதிப்பகம் சொன்ன சொல் தவறவில்லை. திருத்திய புத்தகம் வந்தது. சிட்டு அதைச் சத்தம் போட்டுப் படித்தாள், அடுத்த வீடு வரைக்கும் கேட்கும்படி. சுழி சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து கேட்டான். நடுவில் நிறுத்திவிட்டு அவள், "கிளாஸ்ல சொன்னேன்ப்பா, இது எங்கப்பா செஞ்ச எழுத்துன்னு. யாரும் நம்பலை. பேரு எங்கன்னு கேட்டாங்க. நாளைக்கு நீ வந்து சொல்றியா?" என்றாள்.

சுழி மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்மா. இனிமே நீயும் சொல்லாதே."

"ஏன்ப்பா? நீதானே செஞ்சே?"

அவன் எழுந்து போய் அவள் முன்னால் உட்கார்ந்து, புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீ படி" என்றான். "நிறுத்தாமப் படி."