பஸ் கால்

பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. ஆனால் ஐந்து கார் பந்தயங்களில் ஐந்திலும் மூன்றாவது வளைவில் திரும்பாமல் நேரே போய் மணலில் சொருகிக்கொண்டு நின்றிருந்தாள். இழுவை வண்டிக்காரர் இப்போதெல்லாம் அவளிடம் பிள்ளைகள் நலமா என்று விசாரித்துவிட்டுத்தான் சங்கிலியை மாட்டுகிறார்.

இன்று ஆறாவது, கடைசிப் பந்தயம். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறில் ஒன்றையாவது முழுதாக முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்தயம் ஓட்டும் உரிமம் போய்விடும் என்பது சங்கத்தின் விதி. நாற்பத்தாறு வயதில் வந்த ஆசை அது. சின்ன வயது ஆசையைப் போல நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போட முடியவில்லை.

காரைத் தயார் செய்தவன் அவள் தம்பி, மெக்கானிக். ஒரு பழைய காரை வாங்கி, எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றினான், கதவு அட்டைகளைக் கழற்றினான், கை ஓயாமல் ஏபிஎஸ்ஸையும் கழற்றிப் போட்டான். மற்ற கார்களில் எவ்வளவு பதறிப் பிரேக்கை மிதித்தாலும் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். இந்தக் காரில் அந்த வேலையும் ஓட்டுகிறவர் காலுக்குத்தான். கொஞ்சம் கூடிப்போனாலும் சக்கரம் சுழலாமல் தரையில் தேயும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் தன்பாட்டுக்கு நேரே போகும்.

பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், பந்தயத் திடலில் காரை நிறுத்தியிருந்த கொட்டகையில் தம்பி டயர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்காரர், சாதுவான மனிதர். ஒவ்வொரு பந்தயத்திலும் பார்வையாளர் படியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

"நீங்க கண்ணைத் திறந்து ஒரு பந்தயம் பார்த்திருக்கீங்களா மாமா?" என்றான் தம்பி.

"இல்லப்பா. ஆனா காது திறந்துதானே இருக்கு. அந்த வளைவுக்கு வரும்போது மத்தவங்க டயர் முதல்ல லேசா முனகுது, அப்புறம் அடங்கிடுது. இவளுது முதல்ல சத்தமே இல்ல. கடைசியில கத்துது."

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, நீ பஸ் பிரேக் பிடிக்கிற."

விஷயம் அவ்வளவுதான். நின்றுகொண்டு வருகிற பயணிகள் விழக்கூடாதென்று முதலில் பூப்போலத் தொட்டு, போகப் போக அழுத்துவது அவள் பழக்கம். பந்தயக் காருக்கு நேர்மாறு. வேகம் இருக்கும்போதே பலமாக மிதித்து, வேகம் குறையக் குறையக் காலைத் தளர்த்த வேண்டும். அவளோ சக்கரம் எளிதில் இறுகிவிடும் அந்தக் கடைசி நேரத்தில்தான் முழுப் பலத்தையும் போட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருட நல்ல பெயர் அவள் காலை வாரிவிட்டிருந்தது.

"ஒரு மணி நேரத்துல காலை எப்படிடா மாத்துறது?"

வீட்டுக்காரர் கைக்குட்டையை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையை அவள் பாதத்துக்கு எதிரே நீட்டினார். "என் கையை மிதி. முதல்ல எனக்கு வலிக்கணும். அப்புறம் போகப் போக கூசணும்."

பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் மிதித்தாள். "வலிக்கல," என்றார். மறுபடி மிதித்தாள். நாற்பதாவது தடவையோ என்னவோ, "அம்மாடி" என்று முகம் சுளித்தவர், கால் தளரத் தளரக் கூச்சம் தாங்காமல் சின்னப்பிள்ளை மாதிரி நெளிந்தார். கை சிவந்து போயிருந்தது. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக அவளுக்கு அப்போது பெருமை பொங்கியது.

பத்துச் சுற்று. முதல் சுற்றில் மூன்றாவது வளைவு வந்தது. ஓங்கி மிதித்தாள். டயர் லேசாக முனகியது. காலைத் தளர்த்தி ஸ்டியரிங்கை வளைத்தாள். கார் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் அவள் போட்ட கூச்சலில் அவள் காதே அடைத்துப்போனது.

கடைசிச் சுற்றிலும் அவள்தான் கடைசி, ஒன்பதில் ஒன்பதாவது. முன்னால் ஒரு வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் தம்பி கெஞ்சினான். "அது பின்னாலயே வந்துடுக்கா. முடிச்சா போதும், உரிமம் நம்மது. வேற எதுவும் வேணாம்."

"சரிடா," என்றாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மூன்றாவது வளைவுக்கு முன் வெள்ளைக் காரின் பின்விளக்கு சிவந்தது. அவள் மிதிக்கவில்லை. ஒரு கணம், இன்னும் ஒரு கணம். உள்பக்கம் காலியாக இருந்தது. பிறகு ஓங்கி மிதித்தாள், தளர்த்தினாள், வளைத்தாள். வெள்ளைக் கார் இப்போது அவள் கண்ணாடியில் பின்னால் தெரிந்தது. காதில் தம்பி ஒரு வார்த்தை சொன்னான். அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தை இல்லை. எல்லைக்கோட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அவளுக்காகவும் அசைந்தது.

கொட்டகைக்கு வந்து இறங்கியபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தம்பி மூச்சிரைக்க ஓடி வந்து, கத்துவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றான்.

"மறுபடி மணல்ல போயிருந்தா எல்லாமே போயிருக்கும்க்கா. கடைசியா வந்தாலும் முடிச்ச கணக்குதானே. என்னத்துக்கு அவனைத் தாண்டின?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் சீக்கிரமே பிரேக் போட்டுட்டான்டா," என்றாள்.