பதினேழாவது கல்

ஊர்க்காரர்கள் நாங்களே சேர்ந்து நடத்தும் எங்கள் ரயில் பாதை குட்டி இஞ்சின்களுக்காகப் போட்டது. அதில் கோடைத் திருவிழாவுக்கு நூறு டன் இஞ்சினை வரவழைத்து ஓட்ட வேண்டும் என்று எங்கள் கமிட்டியில் யாருக்குத் தோன்றியதோ, அந்த ஆளை நான் ஆசை தீரத் திட்டியிருந்தேன். பாதை வளைகிற இடத்தில்தான் எங்கள் ஸ்டேஷன். அதன் பிளாட்பார ஓரக்கல் அத்தனையும் போன குளிர்காலத்து மழையில் நனைந்துகொண்டே நான் பதித்தவை. அவை இஞ்சினை உரசினால், பெயர்த்துப் போட வேண்டும். திருவிழா ரத்து. இஞ்சின் வந்த லாரியிலேயே திரும்பிவிடும்.

உரசுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இஞ்சின் பக்கவாட்டில் தெர்மகோல் ஒட்டி, நடை வேகத்தில் உருட்டுவோம். தெர்மகோல் முழுசாக வந்தால் தப்பித்தோம்.

சனிக்கிழமை காலை டிரைவர் கிளெமென்ட் உருட்டினான். பார்க்கத் தைரியமில்லாமல் சிக்னல் கூண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"டென்சில், வந்து பாருடா. பிச்சிக்கிச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். இடப்பக்கத் தெர்மகோலில் ஒரு கையளவு காணோம்.

"டேப் வச்சு அளந்தியா, உன் பெல்ட்ட வச்சு அளந்தியா?" என்றான்.

மண்டியிட்டு, ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டே போனேன். பதினேழாவது கல்லருகே வெள்ளைத் துகள்கள் கிடந்தன. கல்லில் உரசிய தடம்கூட இல்லை. அதன்மேல் இருந்த பூத்தொட்டியின் விளிம்பில்தான் தெர்மகோல் அப்பியிருந்தது.

"கல்லு இல்லடா. தொட்டி."

"ஈனிட்டோட தொட்டியா? அத நீயே அவகிட்ட சொல்லிக்கோ," என்று கிளெமென்ட் புதுத் தெர்மகோல் ஒட்டப் போய்விட்டான்.

ஈனிட் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர். எனக்கு மனைவி. டீ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தொட்டிய யாரு இவ்வளவு ஓரத்துல வச்சது?" என்றேன்.

"நான்தான். நேத்து சாயங்காலம்."

"ஏன்?"

கிளெமென்ட் தள்ளி நிற்கிறானா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கல்லு மூலை உடைஞ்சிருக்கு. பதிக்கும்போதே உடைச்சிருக்க. ஊரே வந்து படம் எடுக்கும். உன் வேலைய யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு மறைச்சு வச்சேன்."

இருவருமாகத் தொட்டியைச் சுவரோரம் நகர்த்தினோம்.

இரண்டாம் முறை நான் ஒளியவில்லை. இஞ்சின் பிளாட்பாரம் முழுவதும் கடந்து நின்றது. தெர்மகோலில் ஒரு நகக்கீறல் இல்லை. கிளெமென்ட் எட்டிப் பார்த்தான்.

"என்னடா, இந்தக் கல்லு உடைஞ்சிருக்கு?"

"நான்தான் உடைச்சேன்," என்றேன். இத்தனை சந்தோஷமாக ஒரு தப்பை நான் ஒப்புக்கொண்டதே இல்லை.