கன்னத்தால் அளந்த வெளிச்சம்

'டொக்' என்று ஒரு சத்தம். விளக்குப் பரிசோதனைக் கூடத்தில், காலை பதினொன்றே காலுக்கு, அக்காவின் தலை கூரையில் முட்டியது. நாற்காலி கீழேயே இருந்தது. அவர் மட்டும் மேலே போயிருந்தார்.

மேலாளர் உட்பட அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருடைய வேலை எளிது. மேசை நடுவே ஒரு வெள்ளை அட்டை. இடப் பக்கம் பழைய விளக்கு, வலப் பக்கம் புதியது. புதியதை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அட்டையில் இரண்டு வெளிச்சமும் சந்திக்கும் கோடு எங்கே மறைகிறதோ, அங்கே இரண்டும் சமம். அக்கா தூரத்தைக் குறிப்பார். மேலாளர் தானும் ஒருமுறை அளந்து, தன் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் விளக்கு வீடுகளுக்குப் போகும், பிள்ளைகள் அதன் கீழே படிப்பார்கள். சங்கடம் என்னவென்றால், நான்கு வருஷமாக அக்காவுக்கு அந்தக் கோடே தெரியவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும். அதனால் இரு கன்னத்திலும் சூடு ஒன்றுபோலப் படும் இடத்தைக் குறித்துக்கொடுத்து வந்தார். மேலாளரின் அளவும் மயிரிழை பிசகாமல் அதனோடு ஒத்துப்போனது.

அன்று வந்த விளக்கில் சூடே இல்லை. வலக் கன்னம் ஊமையாகிவிட, அக்கா திருதிருவென்று விழித்தார். அதோடு அந்த விளக்குக்கு இன்னொரு குணமும் இருந்தது. கண்ணில் எவ்வளவு குறையோ, அவ்வளவு உயரம் ஆளைத் தூக்கும். பார்க்க ஓடிவந்த தட்டச்சுப் பெண் நாலு விரல் எழும்பிச் சிரித்தாள். 'கழுகு' என்று பட்டப்பெயர் வாங்கிய காவலாளிக்கு மட்டும் கால் தரையை விட்டுப் பெயரவில்லை. மனுஷருக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்க இனி என்ன இருக்கிறது என்று அக்கா கூரையிலிருந்தபடியே கன்னத்துக் கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

இப்போது அந்தக் கூரைக்குப் பஞ்சுமெத்தை தைத்திருக்கிறார்கள். கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் முதலில் அங்கே போய், எத்தனை அடி எழும்புகிறோம் என்று அளந்துகொள்கிறார்கள். அதெல்லாம் பின்னால் வந்தது. அன்று, கண் தெரியாதவருக்கு இங்கே ஒரு நாள்கூட வேலை கிடையாது என்று சத்தம் போட்டபடியே மேலாளர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். வாக்கியம் முடிவதற்குள் செருப்பு இரண்டும் கீழே விழுந்தன. அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு 'டொக்' கேட்டது. மேலாளர் தலையைத் தடவிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளிக்குங்க, அக்கா. நீங்க கன்னத்தை வெச்சாவது அளந்தீங்க. நான் பத்து வருஷமா நீங்க எழுதினதைப் பாத்துத்தான் எழுதறேன்."