ஆகாசத்தில் ஏது செக்போஸ்ட்

லாரிக்காரர் தங்கசாமி எந்த லோடுக்கு நேரம் சொன்னாலும் பஞ்சருக்கு அரை நாள், செக்போஸ்ட்டுக்கு அரை நாள் சேர்த்துத்தான் சொல்வார். பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே மேயப் போனதோ.

மகள் சத்யபிரியா ஆக்லாந்தில் நர்ஸ். அவள் தம்பி தமிழரசுக்கு மல்லசமுத்திரத்தில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர். கூறைச் சேலையின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையை அக்காவும் பிடித்து நிற்க வேண்டும். அதைச் செய்யாமல் அவர்கள் வீட்டில் தாலி கட்டுவதில்லை. அவள் சின்னப் பிள்ளையிலிருந்தே காத்திருந்த சீர் அது.

“ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பட்டுங்களாப்பா?” என்று போனில் கேட்டாள்.

தங்கசாமி செல்லில் தேடினார். ஆக்லாந்திலிருந்து கோயமுத்தூர் பதினோராயிரம் கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் பதினாலு மணி என்று வந்தது.

“லீவ எதுக்குச் சாமி வீணாக்கற? சீருக்கு மொத நாள் கிளம்புனாப் போதும். ஆகாசத்துல ஏது செக்போஸ்ட்டு?”

“சிங்கப்பூர்ல ப்ளைட் மாறோணுங்க.”

“லோடு மாத்தற மாதிரிதான? ஒரு மணி நேரம்.”

லாரிக் கணக்கில் அப்பா தவறியதே இல்லை என்று அவளும் நம்பி டிக்கெட் போட்டாள்.

ஆக்லாந்தில் மழை. விமானம் தாமதமாகக் கிளம்பி சிங்கப்பூரில் இறங்கியபோது கோயமுத்தூர் விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது வந்து சேர்வதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும்.

மண்டபத்தில் மேளக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். சீர் செய்து வைக்கும் பெரியவர் மெல்ல வந்தார். “ஏனுங்க, நேரமாவுது. உங்க தம்பி புள்ள கனிஷ்காவ நிக்க வெச்சரலாங்களா?”

தங்கசாமி சிங்கப்பூரில் இருந்த மகளைப் போனில் கூப்பிட்டார். அவர் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள்: “கனிஷ்காவ நிக்கச் சொல்லுங்கப்பா. எனக்கு அழக்கூடத் தெம்பு இல்லீங்க.”

மறுநாள் அவள் வந்தபோது கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. பூ அலங்காரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கால் வீங்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“கணக்கத் தப்பாப் போட்டுட்டேன் சாமி,” என்றார் தங்கசாமி. லாரி ஷெட்டில்கூட அப்படி ஒரு வார்த்தையை அவர் சொன்னதில்லை.

“உடுங்கப்பா. போட்டோ எடுத்தீங்களா?”

செல்லை நீட்டினார். கனிஷ்கா சேலை முனையைப் பிடித்துச் சிரித்தபடி நின்றாள். சுற்றி எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்யபிரியா தம்பி முகத்தை மட்டும் பெரிதாக்கினாள்.

“இவன் எங்கீங்கப்பா பாக்கறான்?”

தங்கசாமி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வாசல, சாமி. நீ வரமாட்டீன்னு சொல்லியுங்கூட, சீர் முடியற வரைக்கும் வாசலத்தான் பாத்துட்டு நின்னான்.”

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.