பரீதா அக்கா போட்ட பன்னிரண்டு கையெழுத்து

1.

இந்தக் கதை ஒரு வேலியிலிருந்து பிறந்தது என்றுதான் முதலில் எழுதினேன். கொட்டியாரக் குடாவின் ஓரம், மூதூர்ப் பக்கம் (ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன்), பெண்கள் கருவாடு காயவைக்கும் கரையில் ஒருநாள் காலை முள்ளுக்கம்பிக்குத் தூண் நட்டார்கள். தூண்களுக்கு உள்ளே பன்னிரண்டு வாடிகள், அவர்களுடைய கருவாட்டுக் கொட்டில்கள். மீன் குளிர்களஞ்சியம் கட்டுவதற்காக அரசாங்கம் அந்தக் கரையை ஒரு கம்பனிக்கு முப்பது வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது. கடல் அன்று...

கடல் அன்று என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நான் கடலைப் பார்க்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2.

சரி, ஆளிலிருந்து தொடங்குவோம்.

முழுப்பெயர் சித்தி பரீதா, வயது நாற்பத்தெட்டு, வாடிக்கு ஒருத்தியாகப் பன்னிரண்டு பேர் உள்ள வாடிப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். நான் பரீதா அக்கா என்பேன். அவர் பாரை மீனைப் பிளந்து உப்புத் தடவும் வேகத்தைப் பார்த்தால் நமக்குக் கை கூசும். எவருக்கும் அஞ்சாதவர்.

[இந்தக் கடைசி வசனம் பொய். கடற்கரைப் பெண் என்றால் அஞ்சாதவள் என்று எழுதிவிடுவது எழுதுகிறவனுக்குச் சுகம். அவர் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன்.]

நான் பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கூட்டம் கூட்டுவேன், அறிக்கை எழுதுவேன். எதை அபிவிருத்தி செய்தாய் என்று வீட்டில் கேட்பார்கள், நல்லவேளை நீங்கள் கேட்கவில்லை.

3.

வில்லன் வேண்டுமே என்று கம்பனியின் மக்கள் தொடர்பு அலுவலர் மதிசுதனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். ஒட்டவில்லை. ஆள் பக்கத்துச் சம்பூர்ப் பிள்ளை. 2006 யுத்தத்தில் தாயின் கையைப் பிடித்து ஊரைவிட்டு ஓடியவன். ஒன்பது வருடமாக எங்கள் அலுவலகம் தருகிறேன் தருகிறேன் என்ற தண்ணீர்க் குழாயை மூன்று கிழமையில் அந்தக் கரைக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான். அந்தக் குழாயடியில் நான் முகம் கழுவியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருந்தது.

உயர்தரத்தில் பொருளியல் படித்தபோது, கம்பனிகள் விளையாடும், அரசாங்கம் நடுவராக நிற்கும் என்று ஆசிரியர் சொன்னார். எவ்வளவு நிம்மதியான பாடம்! இங்கே பெண்கள் கம்பனியிடம் போனால், காணியைத் தந்தது அரசாங்கம், அங்கே கேளுங்கள் என்கிறார்கள். எங்களிடம் வந்தால், அது இப்போது கம்பனியின் கையில் என்கிறோம். அரசாங்கம் பெரிதா கம்பனி பெரிதா என்று தேநீர்க் கடையில் வாதாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டும் ஒரே கரையைப் பார்த்து ஒரே பக்கம் தலையாட்டும்போது, முறையிடப் போவதற்கு மூன்றாவது வாசல் இல்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. கம்பனிக்கு ஒரு தாள் போதும். அந்தத் தாளைக் கொடுக்குமுன் சனத்தைக் கேட்கவேண்டியது அரசாங்கத்தின் கடமை. இங்கே அரசாங்கம் என்றால் பெரிதாக யோசிக்கவேண்டாம். நான்தான்.

4.

சங்கக் கூட்டத்துக்குப் பாதிப் பேராவது வராவிட்டால் கூட்டம் செல்லாது. ஆனால் வலையில் மீன் பட்ட நாளில் மீன் காத்திருக்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி வந்தால் போதும், வராதவர்களின் கையெழுத்தையும் அவளே வரவுத்தாளில் போட்டுவிடுவாள். எல்லோருடைய கையெழுத்தும் எல்லோருக்கும் பாடம். களவென்று எவரும் நினைப்பதில்லை. எங்கள் அலுவலகத்துக்கும் தெரியும், எங்களுக்கும் அது வசதி.

மார்ச்சில் கம்பனி பற்றிய கலந்துரையாடல். அன்று கீரிமீன் அள்ளிப்பட்டது. பரீதா அக்கா மட்டும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாங்கள் எங்கே காயவைப்பது என்று கேட்டார். மாற்று இடம் பார்க்கப்படும் என்றான் மதிசுதன். வரவுத்தாள் வந்தது. தன் பெயருக்கு நேரே கையெழுத்திட்டுவிட்டு அவர் கொஞ்சம் தயங்கினார். மற்றவைக்கும் போடுங்கோ என்று யாரோ சொன்னார்கள். மற்றப் பதினொன்றையும் போட்டார்.

பிறகு அந்த வரவுத்தாள், 'எமக்கு ஆட்சேபனை இல்லை' என்ற தீர்மானத்தின் பின்னால் தைக்கப்பட்டிருந்தது.

5.

தூண் நட்ட அன்று காட்டிய பிரதியில்தான் பதினொரு பேரும் தங்கள் கையெழுத்தைக் கண்டார்கள். பரீதா கரையை வித்துப்போட்டா என்று கதை பரவியது. இருபது வருடம் ஒன்றாக மீன் வெட்டியவர்கள் அவருக்கு முகம் கொடுப்பதில்லை. மேலிடத்துக்கு முறைப்பாடு போய், விசாரணைக்கு வியாழக்கிழமை பத்து மணி என்று கடிதம் வந்திருக்கிறது.

நாங்கள் போடவில்லை என்று பதினொரு பேர் சொன்னாலும் எடுபடாது, கையெழுத்து அச்சு அசல். அவர் வாய் திறக்காவிட்டால் தாள் செல்லும், கரை போகும். நான்தான் எல்லோருக்கும் போட்டேன் என்றால் தாள் செல்லாது, கரை மிஞ்சும், ஆனால் கள்ளக் கையெழுத்து என்று பொலிஸ் வரும்.

6.

முடிவு (அ): பிரதேச செயலாளர் குத்தகைத் தாளைக் கிழித்தெறிகிறார். [எங்கள் அலுவலகத்தில் தாள் கிழிப்பதில்லை. மூன்று பிரதி எடுப்போம்.]

முடிவு (ஆ): மதிசுதன் மனம் மாறி வேலையை விடுகிறான். [பிறகு அவன் வீட்டில் யார் அடுப்பெரிப்பது? நானா?]

முடிவு (இ): பரீதா அக்கா உண்மையைச் சொல்லிக் கரையைக் காப்பாற்றிவிட்டு, நிமிர்ந்தபடி பொலிஸ் ஜீப்பில் ஏறுகிறார். இதை ஒரு பக்கம் எழுதினேன். கண்கூடக் கலங்கியது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்த அந்த நொடியில் என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது.

ஏனென்றால் நேற்று அவர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

“நாந்தான் போட்டன் எண்டு சொல்லப்போறன் சேர். கரையாவது மிஞ்சட்டும். போடச் சொன்னது ஆரெண்டு கேட்டா, ஞாபகமில்லை எண்டு சொல்லுவன். ஒங்கட புள்ளைகள் படிக்குதுகள்.”

சொல்லிவிட்டு, சாத்திய கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

7.

நான்காம் பகுதியில் 'யாரோ' என்று எழுதினேன் அல்லவா, அது நான். தாளைத் தீர்மானத்தோடு சேர்த்துத் தைத்ததும் நான்தான். கம்பனி கேட்கவில்லை, எவரும் கட்டளையிடவில்லை. கோப்பு முடியவேண்டும், அவ்வளவுதான். அலுவலகம்தான் போடச் சொன்னது என்று நான் சொன்னால் தாளும் விழும், பரீதா அக்காவும் தப்புவார். போவதென்றால் என் வேலை போகும்.

அதைச் சொல்ல அரைப் பக்கம் போதும். நான் ஏழு பகுதி எழுதியிருக்கிறேன். கதை என்று சொல்லிவிட்டால் அதை எவரும் சாட்சியமாக எடுக்கமாட்டார்கள். அது தெரிந்துதான் கதையாக எழுதினேன்.

இன்று செவ்வாய். முடிவை நான் எழுதமாட்டேன், எழுதினால் எனக்கு வசதியாகத்தான் எழுதுவேன். நீங்கள் எழுதுங்கள். விசாரணை அறையில் பரீதா அக்கா நிற்கிறார், போடச் சொன்னது யார் என்று கேட்கிறார்கள், நான் மூலைக் கதிரையில் இருக்கிறேன். நான் எழுந்து வாய் திறந்தேன் என்று எழுதுவதானால், தயவுசெய்து நம்பும்படியாக எழுதுங்கள். நான் நாலு தரம் முயன்றேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.